கோடியக்கரையில் ஒரே பாதையைப் பன்னிரண்டு மாதமும் நடப்பது எப்படி

கோடியக்கரைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, பூநாரையையும் வெளிமானையும் பார்த்துவிட்டு, சாயங்கால பஸ்ஸில் ஊர் திரும்பிவிடுகிறார்கள். அது தப்பில்லை. ஆனால் இந்தக் காட்டையும் அதை ஒட்டிய சதுப்பையும் உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு இருந்தால், நான் சொல்வது இதுதான். ஒரு பாதையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதே பாதையை மாதம் ஒருமுறை நடங்கள். முதல் நடையை ஆனியில் வையுங்கள்.

ஆனியில் பறவையும் இருக்காது, வெயிலும் வாட்டும், அப்போது போய் என்ன பார்ப்பது என்று கேட்பீர்கள். தரையைப் பார்க்க வேண்டும். கார்த்திகையில் தண்ணீர் வந்து எல்லாவற்றையும் மூடிய பிறகு எது மேடு, எது பள்ளம், எது கால் வாங்கும் சேறு என்று யாராலும் சொல்ல முடியாது. காய்ந்திருக்கும்போது தரையைப் படித்தவர்தான் ஈரத்தில் அதை நம்பி நடக்க முடியும்.

நான் வேதாரண்யத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். என் அப்பா அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் உப்பு வாரியவர். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் எங்கள் கரையில் ஏறியபோது, வீட்டு ஓடு போனதைவிடக் கோடியக்காடு படுத்துக் கிடந்ததுதான் என்னை உலுக்கியது. சின்ன வயதிலிருந்து பஸ் ஜன்னல் வழியாகப் பச்சைச் சுவராகப் பார்த்த காடு, வெளிச்சம் ஊடுருவி, இலையில்லாமல், சாம்பல் நிறத்தில் நின்றது. இது மறுபடி எழுந்திருக்குமா என்று தெரிந்துகொள்ளத்தான் 2019 ஜனவரியில் நடக்கத் தொடங்கினேன். அன்றிலிருந்து மாதத்தின் முதல் ஞாயிறு எனக்குக் காட்டு ஞாயிறு.

நான் தையில் தொடங்கியது தவறு. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

பாதையைத் தேர்ந்தெடுப்பது

கோடியக்கரை என்பது சோழமண்டலக் கடற்கரை தெற்கே ஓடி வந்து மேற்கே திரும்பும் முனை. ஒரு பக்கம் வங்காள விரிகுடா, மறுபக்கம் பாக் நீரிணை. வேதாரண்யத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். இடையில் கோடியக்காடு வரும். 1967இல் வெளிமானுக்காகவே இது சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002இல் வேதாரண்யம் சதுப்பையும் சேர்த்து, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. ஆகவே முதல் வேலை, வனத்துறை அலுவலகத்தில் அனுமதி வாங்குவது. எந்தப் பாதை திறந்திருக்கிறது, எங்கே நடக்கலாம், யார் கூட வருவார் என்பதை அன்றன்றைக்கு அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் சில தடங்களை மூடிவிடுவார்கள். தனியாகப் போக வேண்டாம். ஊர்க்காரர் ஒருவர் உடன் வருவது பாதுகாப்புக்கு மட்டும் இல்லை. நீங்கள் புதர் என்று கடந்துபோவதை அவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.

உங்கள் பாதை மூன்று விதமான தரையையும் தொட்டுப் போக வேண்டும்: காடு, புல்வெளி, சதுப்பின் ஓரம். தூரம் முக்கியமில்லை. என்னுடையது போக வர நாலு கிலோமீட்டர் இருக்கும், அதற்கு நாலு மணி நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

நடக்கும்போது உயரத்தைக் கவனியுங்கள். இங்கே மலை கிடையாது. ராமர் பாதம் இருக்கும் மேடுதான் இந்தப் பக்கத்திலேயே உயரமான இடம், அதுவும் சில மீட்டர்தான். ஆனால் பழைய கடற்கரை மணல் வரிவரியாகக் கிடப்பதால் தரை மெல்ல ஏறி மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும். காலுக்குத் தெரியாது, செடிக்குத் தெரியும். இரண்டடி மேடு என்றால் பாலையும் வீரையும் காசாவும் நிழல் கட்டி நிற்கும். அதிலிருந்து இரண்டடி இறங்கினால் மரம் முடிந்துவிடும், புல்லும் சங்கஞ்செடியும் வரும். இன்னும் ஒரு சாண் இறங்கினால் உமரி. இந்த உமரிக்கீரையை எங்கள் வீட்டில் பருப்போடு கடையும்போது உப்பே போட மாட்டோம், கீரையே உப்பு. அது முளைத்திருக்கிற இடம்வரை உவர்நீர் வந்து போகிறது என்று அர்த்தம். முதல் நடையிலேயே இந்த மூன்று கோடுகளையும் மனதில் வாங்கிக்கொண்டால் போதும், மீதி மாதங்களெல்லாம் அந்தக் கோடுகளுக்கு நடுவில் தண்ணீர் செய்கிற வேலைதான்.

பாதையில் ஐந்து இடங்களைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாதமும் அந்த ஐந்திலும் பத்து நிமிஷம் நிற்க வேண்டும். என்னுடையவை இவை: கஜாவில் வேரோடு சாய்ந்த ஒரு பாலை மரம், காட்டுக்குள் மழைநீர் தேங்கும் ஒரு பள்ளம், புல்வெளி தொடங்கும் இடத்தில் நிற்கும் ஒற்றைப் பனை, ஒரு பெரிய சங்கம்புதர், கடைசியாக உமரி முடிந்து வெறும் சேறு தொடங்கும் ஓரம். பத்து நிமிஷம் நிற்பது சும்மா இல்லை. முதல் நாலைந்து நிமிஷம் காடு உங்களைக் கண்டு அமைதியாகிவிடும். அப்புறம்தான் அதன் வேலையை அது பார்க்கத் தொடங்கும்.

கையில் என்ன இருக்க வேண்டும்

செருப்பு கூடாது. சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு மேலே வந்துவிடும். காட்டுக்கும் புல்லுக்கும் அடி தடித்த ஷூ. சதுப்பு ஓரத்துக்கும் அதே ஷூதான், கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். கம்பூட் வேண்டவே வேண்டாம், சேறு அதைப் பிடித்துக்கொண்டால் கால் மட்டும்தான் வெளியே வரும். வெறுங்காலும் வேண்டாம், சிப்பி அறுத்துவிடும்.

ஆளுயர மூங்கில் கம்பு ஒன்று. அடியிலிருந்து சாண் சாணாகப் பெயின்டால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், வழியில் குடிதண்ணீர் கிடைக்காது. தலைக்குத் துண்டோ தொப்பியோ. உப்பளப் பக்கம் போனால் வெயில் மேலிருந்து மட்டுமல்ல, கீழிருந்தும் அடிக்கும், அதனால் கூலிங் கிளாஸ் அவசியம். கோடையில் புல்லில் உண்ணி இருக்கும். மானும் குதிரையும் மேய்கிற இடம் அல்லவா, ஆகவே பேன்ட்டைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு நடங்கள், வீட்டுக்கு வந்ததும் முழங்காலுக்குப் பின்பக்கம், இடுப்பு எல்லாம் தடவிப் பாருங்கள். பைனாகுலர் இருந்தால் நல்லது.

சாப்பாட்டுப் பையைத் தோளில் தொங்கவிடாதீர்கள். இங்கே குரங்குகள் உண்டு. அவற்றுக்கு எதுவும் கொடுக்கவும் கூடாது.

ஒரு நோட்டும் பேனாவும். நான் கூடவே கடை இஞ்ச் டேப்பையும் எடுத்துப்போவேன். ஏன் என்றால் "தண்ணீர் நிறைய இருந்தது" என்று எழுதினால் அடுத்த வருஷம் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "பள்ளத்தில் 11 அங்குலம்" என்று எழுதினால் அது எப்போதும் பேசும்.

ஆனி, ஆடி: சேற்றைப் படிப்பது

காலை ஐந்தரைக்கே வந்துவிடுங்கள், ஒன்பது மணிக்கு மேல் திறந்தவெளியில் நிற்காதீர்கள். இந்த மாதங்களில் தென்மேற்குக் காற்று ஓயாது. பறவைச் சத்தத்தைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். ஆகவே காதை மறந்துவிட்டுக் கண்ணைக் கீழே போடுங்கள்.

முன்பு சொன்ன என் தவறு இதுதான். 2019 தையில், சதுப்பு ஓரத்தில் கரண்டிவாயன் கூட்டம் ஒன்று மேய்வதைப் பார்த்து, இன்னும் பத்தடி போனால் நன்றாகத் தெரியும் என்று உமரியைத் தாண்டிக் காலை வைத்தேன். மேலே வெள்ளையாக, காய்ந்த மாதிரி இருந்தது. மூன்றாவது அடியில் வலது கால் தொடைவரை இறங்கிவிட்டது. இழுக்க இழுக்க இடது காலும் இறங்கியது. உடன் வந்த ஊர்க்கார அண்ணன் "அசையாதீங்க, உக்காருங்க, அப்படியே பின்னால சாயுங்க" என்று சத்தம் போட்டார். சேற்றில் உட்காருவதற்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் சாய்ந்தவுடன் இறங்குவது நின்றுவிட்டது. கம்பைப் படுக்கவைத்து, அதன்மேல் இரண்டு கையையும் ஊன்றி, குதிகாலை மெதுவாகத் திருகித் திருகி ஒரு காலை எடுக்கவே கால் மணி நேரம் ஆனது. உங்களுக்கும் அப்படி நேர்ந்தால் அதையே செய்யுங்கள். நிற்கப் பார்க்காதீர்கள், மற்றவரை இழுக்கச் சொல்லாதீர்கள், அவரும் சேர்ந்து இறங்கிவிடுவார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அப்பா திட்டவில்லை. "ஆனி வரட்டும் பாப்பா, நான் வர்றேன்" என்றார். சொன்னபடியே அந்த ஆனியில் வந்தார். அன்று அவர் காட்டிக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சேறு பாளம் பாளமாக வெடித்து, ஒவ்வொரு பாளத்தின் ஓரமும் அப்பளம் போல மேலே சுருண்டிருந்தால், உள்ளேயும் காய்ந்திருக்கிறது. அதில் நடக்கலாம். வெடிப்பு இருக்கிறது, ஆனால் ஓரம் சுருளவில்லை என்றால், ஒரு சாணுக்குக் கீழே ஈரம். கம்பால் குத்திப் பார்த்துவிட்டு நடங்கள். வெடிப்பே இல்லாமல் வழுவழுவென்று கறுப்பாக மின்னினால் கிட்டப் போகாதீர்கள். எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது வெள்ளை. உப்பு ஏடு மேலே படிந்து, உலர்ந்த தரை மாதிரியே காட்டும். நான் காலை வைத்தது அதில்தான். அப்பா குனிந்து அந்த ஏட்டை விரலால் பிட்டெடுத்தார், கண்ணாடிச் சில் போல மெல்லிசாக வந்தது. அடியில் சாம்பல் நிறக் களி, தொட்டால் குளிர்ச்சி. "ஏடு மெல்லிசா இருந்தா தண்ணி இப்பத்தான் போயிருக்குன்னு அர்த்தம். தட்டினா சத்தம் வர்ற அளவுக்குத் தடிச்சிருந்தாத்தான் கால் வைக்கலாம்" என்றார்.

நண்டு வளைகளையும் பாருங்கள். வளையைச் சுற்றி ஈர மண் உருண்டைகள் புதிதாகக் கிடந்தால் கீழே தண்ணீர் பக்கத்தில் இருக்கிறது. அப்புறம் குதிரைக் குளம்பு. இந்தக் காட்டில் யாருக்கும் சொந்தமில்லாமல் திரிகிற மட்டக்குதிரைகள் உண்டு. அவற்றின் குளம்புத் தடம் எவ்வளவு ஆழம் பதிந்திருக்கிறது என்பது உங்களுக்காக யாரோ கம்பு குத்திப் பார்த்து வைத்த மாதிரி. தடம் விரலளவு என்றால் நடக்கலாம். கணுக்காலளவு என்றால் திரும்பிவிடுங்கள்.

இதையெல்லாம் ஆனியிலும் ஆடியிலும் படித்து, எது உறுதியான வழி என்று நோட்டில் படம் போட்டுக்கொள்ளுங்கள். ஒற்றைப் பனைக்கும் சங்கம்புதருக்கும் நேர்கோட்டில் எத்தனை தப்படி என்பதுகூட என் நோட்டில் இருக்கிறது. மழைக்காலத்தில் நான் நடப்பது அந்தப் படத்தின் மேல்தான்.

வெளிமானைப் பார்க்கவும் இந்தக் கோடை மாதங்கள் நல்லவை. புல் மட்டமாக மேய்ந்து கிடப்பதால் தூரத்திலிருந்தே தெரியும். பெண்மான் வெளிர் பழுப்பு, கொம்பு இருக்காது. கிடா வயதாக ஆகக் கறுக்கும், திருகிய கொம்போடு தனியாக நிற்கும். புல்வெளியில் ஒரே இடத்தில் புழுக்கை குவிந்து கிடந்தால், அது ஒரு கிடா தன் எல்லை என்று சொல்லிப் போட்டது. அந்தக் குவியலிலிருந்து தள்ளி உட்கார்ந்து காத்திருங்கள், பெரும்பாலும் அது திரும்பி வரும். மான் தலையைத் தூக்கிப் பார்த்தால் நின்ற இடத்திலேயே நில்லுங்கள். மறுபடி மேயத் தொடங்கினால்தான் அடுத்த அடி.

ஆவணி, புரட்டாசி

இந்த இரண்டு மாதங்களில் வந்தால் ஒரே ஒரு விஷயத்துக்காக வாருங்கள்: சேற்று ஓரத்தில் இரை பொறுக்கும் வலசைப் பறவைகளான உள்ளான்களில் முதலில் வருகிறவற்றைப் பார்க்க. மழை இன்னும் வரவில்லை, சதுப்பில் அங்கங்கே குட்டை மட்டும் மிச்சம். ஆனால் வடதுருவத்துப் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டுக் கிளம்பிய கொசு உள்ளான்கள் ஆவணியிலேயே அந்தக் குட்டை ஓரத்துக்கு வந்துவிடும். சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும், எடையும் ஏறக்குறைய அவ்வளவுதான். வந்த புதிதில் அவற்றுக்குத் தின்பதைத் தவிர வேறு நினைப்பே இருக்காது. ஆகவே உட்கார்ந்து பாருங்கள், நடந்து விரட்டாதீர்கள். ஒருமுறை பறக்கவைத்தால் அது சேர்த்துவைத்த கொழுப்பில் ஒரு பங்கு போய்விடும்.

காலில் வளையம் போட்ட பறவை தென்பட்டால் எந்தக் காலில், என்ன நிறம், எண் தெரிந்தால் என்ன எண் என்று குறித்துக்கொள்ளுங்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல பத்தாண்டுகளாகக் கோடியக்கரையில் பறவைகளைப் பிடித்து வளையமிட்டு விடுகிறார்கள். உங்கள் குறிப்பு அவர்களுக்குப் பயன்படும்.

ஐப்பசி, கார்த்திகை: தண்ணீர் வருவது

முதல் மழை விழுந்த மறுநாள் காலை எப்படியாவது காட்டுக்குள் இருங்கள். அந்த நாளுக்காகவே நான் ஐப்பசியில் ஞாயிறு கணக்குப் பார்ப்பதில்லை, மழை பெய்தால் மறுநாள் காலை கடை திறக்க நேரமாகும் என்று வாடிக்கையாளர்களுக்குத் தெரியும். மணல்மேட்டில் சிவப்பு வெல்வெட் துணியைக் குண்டூசித் தலை அளவுக்கும் அதைவிடப் பெரிதாகவும் கத்தரித்துப் போட்டது போல நகரும், அதுதான் தம்பலப்பூச்சி. பட்டுப்பூச்சி என்றும் சொல்வோம். துணியோடு வாழ்கிறவள் நான், இப்படி ஒரு சிவப்பு எந்தத் தானிலும் பார்த்ததில்லை. ஒன்றிரண்டு வாரத்துக்கு மேல் கண்ணில் படாது. காலடியைப் பார்த்து வையுங்கள்.

வேலிப் புதர்களில் செங்காந்தள் ஏறிப் பூத்திருக்கும், கார்த்திகைப் பூ என்றால் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். அதன் கிழங்கு விஷம். குழந்தைகளை அழைத்துப்போனால் முதலிலேயே சொல்லிவையுங்கள்.

காட்டுக்குள் ஆறுமணிக்குருவி வந்திருக்கும். முதுகு பச்சை, வாலடி சிவப்பு, கண்ணில் கறுப்பு மை தீட்டிய மாதிரி பட்டை. ஒன்பது நிறம் என்பார்கள், ஆனால் இலைச்சருகு நடுவில் நின்றால் எதுவும் தெரியாது. அது காலையும் மாலையும் ஆறு மணிவாக்கில் இரண்டு சுரத்தில் விசில் அடிக்கும். ஆகவே ஐந்தே முக்காலுக்குப் பள்ளத்தின் ஓரத்தில் போய் உட்கார்ந்து, குரல் வந்த பக்கம் சருகு கிளறும் சத்தத்தைத் தேடுங்கள். பறவையைத் தேடினால் கிடைக்காது, அசையும் சருகைத் தேடினால் கிடைக்கும்.

இந்த மாதங்களில் ஒரு கட்டாயம் உண்டு. வானிலை அறிவிப்பைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி வந்தால் அந்த வாரம் நடையை விடுங்கள். சதுப்பில் தண்ணீரை ஏற்றுவது மழை மட்டும் இல்லை, காற்றும் கடலை உள்ளே தள்ளும். காலையில் கணுக்கால் அளவு இருந்த இடம் பதினோரு மணிக்கு முழங்கால் அளவு ஆனதை நானே டேப் வைத்து அளந்திருக்கிறேன். போகும்போது தண்ணீர் ஓரத்தில் ஒரு குச்சியைக் குத்திவிட்டுப் போங்கள். குச்சி தண்ணீருக்குள் போகத் தொடங்கினால், பறவை எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பிவிடுங்கள்.

மார்கழி, தை, மாசி

கூட்டமெல்லாம் வரும் காலம் இதுதான். காரணமும் நியாயமானது. மழைநீர் கலந்து உப்பு இளகி, சேறு முழுக்கப் புழுவும் பூச்சியும் இறாலுமாக இருக்கும். பறவைகள் ஆயிரக்கணக்கில் இறங்கும். மீனவர்களும் மற்ற ஊர்களிலிருந்து வந்து கரையில் கொட்டகை போட்டிருப்பார்கள். பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்க நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் நீங்களும் எண்ணிக் கொடுக்கலாம். உங்கள் பாதையின் ஐந்து இடங்களும் அதற்குத் தயாராகவே இருக்கின்றன.

காலையில் சதுப்பு ஓரத்துக்கு முதலில் போங்கள், காட்டைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். சதுப்பு மேற்கே விரிந்து கிடக்கிறது. காலை வெயில் உங்கள் முதுகில் விழுந்தால் பறவையின் நிறம் முழுசாகத் தெரியும். மாலையில் போனால் எல்லாம் கறுப்பு நிழல்தான்.

பூநாரையைப் பற்றி ஒன்று. தூரத்து இளஞ்சிவப்புக் கோட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள், ஒன்றே ஒன்றைப் பிடித்து அரைமணி நேரம் பைனாகுலரில் பாருங்கள். கழுத்தை இறக்கி, தலையைத் தலைகீழாகத் திருப்பி, மேல் அலகு கீழே வருமாறு தண்ணீரில் வைக்கும். நாக்கு உள்ளே பம்பு போல ஓடி, தண்ணீரை வாங்கி வெளியே தள்ளும். சின்னஞ்சிறு இரை மட்டும் அலகின் சல்லடையில் தங்கும். அந்த இரையிலிருந்து வருவதுதான் அதன் நிறம், இளம் பறவைகள் அழுக்குச் சாம்பலாக இருப்பதைப் பார்த்தால் புரியும். சில சமயம் தலையை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு, கால்களால் சேற்றை மிதித்தபடி வட்டமாகச் சுற்றும். சேறு கலங்கி இரை மேலே வர அது செய்யும் வேலை. தண்ணீர் வற்றிய பிறகு, அதே இடத்தில் சேற்றில் வட்டம் வட்டமாகத் தடம் கிடக்கும். பங்குனியில் அந்த வட்டங்களில் ஒன்றை அளந்தேன், குறுக்களவு 31 அங்குலம். எங்கள் கடையில் ஒரு சின்னப் பெண்ணின் பாவாடைக்கு வெட்டும் வட்டம் அவ்வளவு இருக்கும்.

மேய்கிற பூநாரைகள் ஒவ்வொன்றாகத் தலையை நிமிர்த்தத் தொடங்கினால், நீங்கள் மிகக் கிட்டப் போய்விட்டீர்கள். பின்வாங்குங்கள். பறக்கும்போது இறகின் சிவப்பைப் படம் எடுக்கக் கை தட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு வலிக்கும். யாராவது அப்படிச் செய்தால் நேராகவே சொல்லிவிடுங்கள், நானும் சொல்கிறேன்.

தையிலிருந்து கடற்கரையில் ஆமை முட்டையிடும் காலம். எங்கள் கரையில் அதற்குப் பெயரே பங்குனி ஆமை. இரவில் கரைக்குப் போக வனத்துறை அனுமதி வேண்டும். ஆனால் காலையில் நடந்தால் மணலில் டிராக்டர் சக்கரம் போன மாதிரி ஒரு தடம் கடலிலிருந்து ஏறிவந்து திரும்பியிருப்பதைப் பார்க்கலாம். தடத்தை மிதிக்காமல் வனத்துறையினருக்குச் சொல்லுங்கள். முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்துப் பாதுகாக்கிறார்கள்.

பங்குனி முதல் வைகாசி வரை

தையில் பார்த்த உள்ளானைப் பங்குனியில் பார்த்தால் வேறு பறவை என்றே நினைப்பீர்கள். அலகு கீழே வளைந்த உள்ளான், வந்தபோது வெறும் சாம்பலும் வெள்ளையுமாக இருந்தது, இப்போது கழுத்திலிருந்து வயிறுவரை செங்கல் நிறமாக மாறிக்கொண்டிருக்கும். சைபீரியாவுக்குத் திரும்பப்போகிறது, அங்கே போய் ஜோடி சேர வேண்டும். பாதி மாறியது, முக்கால் மாறியது என்று ஒரே கூட்டத்தில் எல்லாப் படிகளும் இருக்கும். தை மாதத்தில் மட்டும் வருகிறவர்களுக்கு இந்தக் காட்சி கிடைப்பதே இல்லை. சித்திரை பிறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனால் சேற்று ஓரம் காலியாக இருக்கும். பறக்காமல் தங்கிவிட்ட சிலது மட்டும் நிற்கும்.

உமரி சிவக்கத் தொடங்கும். உப்பு ஏறஏறச் சிவப்பும் ஏறும். மேட்டிலிருந்து பார்த்தால் முன்பு பச்சையாக இருந்த கோடு இப்போது குங்குமக் கோடு. ஆனியில் நீங்கள் மனதில் வாங்கிய அதே கோடுதான்.

காட்டுக்குள் வைகாசியில் பாலை பழுக்கும். மஞ்சள் நிறத்தில், வேப்பம்பழத்தைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். உதட்டில் பிசின் ஒட்டும், அந்த இனிப்புக்கு ஈடு கிடையாது. சரணாலயத்துக்குள் பறிக்கக் கூடாது. மூலிகை என்று சொல்லி இலை, பட்டை, வேர் எதையும் எடுக்கவும் கூடாது. எங்கள் தெருக் கோடியில் ஒரு பாலை மரம் இருந்தது, அதில்தான் நான் தின்றேன். அது கஜாவில் போய்விட்டது.

காட்டில் சாய்ந்த அந்த மரம் போகவில்லை. வேர்ப்பாதி வானத்தில், மீதி மண்ணில், தண்டு தரையோடு தரையாகக் கிடக்கிறது. 2019 ஆடியில் அதன் மேல்பக்கத்தில் மூன்று துளிர் பார்த்தேன். நடுத் துளிரை ஒவ்வொரு வைகாசியிலும் டேப் வைத்து அளக்கிறேன். முதல் வருஷம் 7 அங்குலம். அப்புறம் 1 அடி 4. குரங்கு ஒடித்த வருஷம் 1 அடி 1. அடுத்து 2 அடி 3. கடைசியாக அளந்தபோது 4 அடி 2 அங்குலம். அந்தமுறை அப்பாவும் வந்திருந்தார். குனிய முடியாமல் நின்றபடியே டேப்பின் மேல் முனையைப் பிடித்துக்கொண்டார், கீழ் முனையை நான் பிடித்தேன். நுனியில் இரண்டு காய் இருந்தது.